மொக்கையான ரம்பத்தை எங்கே கொடுத்துக் கூர் போடுவது?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நம் தெருக்களில் கத்திக்குச் சாணை பிடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அறுக்கப்படும் பிராணிக்கு வேதனை கூடாது, கத்தியைக் கூராக்கிக் கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை (முஸ்லிம்) சிறு பிள்ளைகளும் அறிவார்கள். வருடத்தில் ஒரு நாள் எடுக்கிற கத்திக்கு இவ்வளவு அக்கறை காட்டுகிறோம். அதே வீட்டுக்கு வருடம் முழுதும் சோறு போடுகிற ரம்பம் மட்டும் பல் மழுங்கி, துருவேறி, கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

நம் மஹல்லாக்களில் மரவேலையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. கட்டில், பீரோ செய்கிறவர்கள் உண்டு. நிலைவாசல், ஜன்னல் மாட்டுகிறவர்கள் உண்டு. சமையலறை அலமாரி, பிளைவுட், மைக்கா வேலை எடுப்பவர்கள் இப்போது அதிகம். தொழிற்கருவி உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களிலும் இவர்களுடையது வருவதுண்டு. நேரில் போய் விசாரித்தால் சில இடங்களில் மெஷினில் கோளாறே இருப்பதில்லை. பிளேடுதான் மழுங்கியிருக்கும். அதைச் சரிசெய்ய எங்கே போவது என்று தெரியாததால், "மெஷின் இழுக்கல பாய், புதுசு வேணும்" என்று மனு எழுதியிருப்பார்கள். ஜகாத் பணத்தில் புது மெஷின் வாங்கிக் கொடுத்தாலும், ஆறு மாதம் கழித்து அதன் பிளேடும் இதே கதிக்குத்தான் வரும். இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அதுதான்.

தமிழில் சலிப்பூட்டும் பேச்சுக்கு நாம் வைத்த பெயர்களே ரம்பம், பிளேடு, மொக்கை என்றுதான் இருக்கின்றன. எனவே விஷயத்துக்கு நேராகப் போய்விடுவோம்.

மழுங்கியதை எப்படி அறிவது

கூரான ரம்பம் மரத்தைச் சீவித் தள்ளும். அடியில் விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறு துருவல்களாக இருந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவு போல இருந்தால் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது என்று பொருள். கருகிய வாடை, வெட்டிய ஓரத்தில் பழுப்புக் கோடு, மைக்கா ஓரம் பொரிந்து போவது, கோட்டை விட்டு ரம்பம் ஒரு பக்கமாக ஓடுவது, வழக்கத்தைவிட மோட்டார் சூடாவது என எல்லாமே ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? இன்னும் பலமாகத் தள்ளுகிறோம். விபத்து நடப்பது அங்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் மழுங்கியதாகத் தோன்றுவதெல்லாம் மழுங்கியதல்ல. வேம்பு, மா, பலா போன்ற பிசின் உள்ள மரங்களை அறுத்தாலும், பிளைவுட் பசையாலும், பல்லின் பக்கங்களில் கறுப்பாக ஓர் அடை படியும். அந்த அடையே பிளேடைத் தடித்ததாக்கி மரத்தில் உரச வைக்கும். கூர் போடக் கொடுப்பதற்கு முன் பிளேடைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் சலவை சோடாவைக் கரைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய நைலான் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மண்ணெண்ணெயும் அடையை இளக்கும். காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம், அது கைக்கும் ஆகாது, பிளேடுக்கும் ஆகாது. நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டிப் பாருங்கள். பாதிப் பிளேடுகள் இதிலேயே இன்னும் சில வாரம் ஓடும். காசு செலவில்லாத வைத்தியம் இது.

எந்த மரம் பல்லை வேகமாகத் தின்னும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேக்கு பார்க்க மெதுவான மரம், அறுக்கவும் சுகம். ஆனால் அதனுள் மணலின் சத்தான சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் தேயும். பனஞ்சாத்து இரும்பு மாதிரி. பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளில் பசைதான் எதிரி. எல்லாவற்றையும்விட மோசமானது பழைய வீடு இடித்த மரம். நல்ல விளைந்த மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோம். உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று ஒளிந்திருந்தால் போதும், ஒரே அறுப்பில் நான்கு பல் போய்விடும். அப்படிப்பட்ட மரத்தில் முதலில் காந்தக் கட்டி ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுப்பது நல்லது.

கைரம்பம்

கைரம்பத்துக்குக் கூர் போட வெளியூர் தேட வேண்டியதில்லை. பழைய ஆசாரிமார்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை அது. அரமும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தலைமுறை மறைந்து வருகிறது. இருபது வயதுப் பையன்கள் மெஷினிலேயே தொழில் கற்றவர்கள். ரம்பம் அராவத் தெரிந்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரிடம் பையனை ஒரு வாரம் உட்கார வைப்பது எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததல்ல.

முறை இதுதான். முதலில் ரம்பத்தை இரண்டு பலகைகளுக்கு இடையே, பல் மேலே தெரியும்படி இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆடினால் வேலை கெட்டுவிடும். பிறகு தட்டை அரத்தைப் பற்களின் தலைமேல் நீளவாக்கில் ஒன்றிரண்டு முறை ஓட்ட வேண்டும். உயரமாக நின்ற பற்களின் தலை தட்டையாகி வெள்ளையாக மின்னும். எல்லாப் பல்லும் ஒரே உயரத்துக்கு வரும் வரை இதைச் செய்ய வேண்டும். பலர் இந்த முதல் படியை விட்டுவிடுகிறார்கள். அதனால் நான்கு பல் மட்டும் வேலை செய்ய, மற்றவை வேடிக்கை பார்க்கின்றன.

அடுத்தது பல் சாய்ப்பது. ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என மாற்றி மாற்றி மிகச் சிறிதாக வளைக்க வேண்டும். இந்தச் சாய்வால்தான் ரம்பம் தன் தகட்டின் கனத்தைவிட அகலமான பாதையை வெட்டிக்கொண்டு, மரத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது. ஈர மரத்துக்குச் சாய்வு கொஞ்சம் கூடுதல் தேவை, காய்ந்த கடின மரத்துக்குக் குறைவு போதும். பல்லின் மேல் பாதியை மட்டும் வளைக்க வேண்டும், அடியோடு வளைத்தால் ஒடிந்துவிடும். ஒரு முறை ஒரு பக்கம் வளைந்த பல்லை மறுபக்கம் திருப்பவும் கூடாது. இதற்கென்றே இடுக்கி போன்ற கருவி ஹார்டுவேர் கடைகளில் உண்டு.

கடைசியில்தான் முக்கோண அரம். ஒன்றுவிட்டு ஒரு பள்ளத்தில் அரத்தை வைத்து, முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்று என்றால் மூன்று. பிறகு ரம்பத்தைத் திருப்பி, விட்ட பள்ளங்களை மறுபக்கமிருந்து அராவ வேண்டும். தலையில் மின்னிய அந்த வெள்ளைப் புள்ளி மறைகிற நொடியில் நிறுத்திவிட வேண்டும். மரத்தின் நீளவாக்கில் அறுக்கும் ரம்பத்துக்கு அரத்தை நேர் குறுக்காகப் பிடிக்க வேண்டும், அதன் பல் சிறு உளி போல நிற்கும். குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அதன் பல் கத்தி முனை போல இருக்கும். இந்த வேறுபாடு தெரியாதவர் கையில் கொடுத்தால் நல்ல ரம்பமும் கெட்டுப்போகும்.

ஓர் எச்சரிக்கை. இப்போது கடைகளில் வரும் பிளாஸ்டிக் பிடி ரம்பங்களில் பல் முனை மட்டும் நீலக்கறுப்பாக இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கிய பல். அரம் அதில் கிறீச்சென்று வழுக்கும். அரம்தான் தேயும், பல் தேயாது. அந்த ரம்பத்துக்குக் கூர் போட முடியாது, ஓடும் வரை ஓட்டிவிட்டு மாற்ற வேண்டியதுதான். தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். கைக்கு அடங்கும் துண்டாக வெட்டினால் மரம் சுரண்டுவதற்கு அருமையான தகடு.

சைக்கிளில் சாணைக்கல்லோடு வருகிற பெரியவரிடம் ரம்பத்தைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவர் கத்திக்கும் கத்திரிக்கோலுக்கும் உரியவர். வேகமாகச் சுற்றும் கல்லில் ரம்பப் பல்லை வைத்தால் பல்லின் வடிவம் போகும், சூட்டில் நீலம் பாய்ந்து எஃகு இளகியும் போகும். அவருக்கு உரிய வேலையை அவரிடம் கொடுங்கள். சாணை பிடிக்கிறவர்களும் அம்மி கொத்துகிறவர்களும் நம் தெருக்களில் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பது தனி வருத்தம்.

மெஷின் பிளேடு

இன்றைய பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது டி.சி.டி. பிளேடு. எஃகு வட்டத் தகட்டின் விளிம்பில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைச் சிறு துண்டுகளாகப் பற்ற வைத்திருப்பார்கள். நம்மவர்கள் இதை 'விடியா' என்று சொல்வதுண்டு. 1920-களில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் இந்தப் பொருளுக்கு வைத்த வணிகப் பெயர் அது. ஜெர்மன் மொழியில் 'வைரத்தைப் போல' என்ற சொற்களைச் சுருக்கியது. வைரத்தைப் போல என்று பெயர் வைத்ததற்கேற்ப, அதைத் தீட்டவும் வைரம்தான் வேண்டும். சாதாரணச் சாணைக்கல்லும் அரமும் அதன்மேல் எடுபடாது. வைரத்தூள் பதித்த சக்கரம் கொண்ட மெஷினில், பல்லின் முகத்தையும் தலையையும் அதன் பழைய கோணம் மாறாமல் தீட்ட வேண்டும். ஆகவே இது வீட்டில் செய்கிற வேலையல்ல.

எந்தப் பிளேடைக் கூர் போடலாம், எதை மாற்றிவிடலாம்? என் கணக்கு எளிது. போக்குவரத்தையும் சேர்த்துக் கூர் போடும் செலவு புதிய பிளேடு விலையில் பாதியைத் தாண்டினால் புதியது வாங்குங்கள். கையில் பிடிக்கும் 4 அங்குலக் கட்டிங் மெஷின் பிளேடு இந்தக் கணக்கில் எப்போதும் தோற்கும். அதைச் சுத்தம் செய்து ஓட்டிவிட்டு மாற்றுவதே லாபம். 10 அங்குலம், 12 அங்குலம், அதிலும் பேனல் மெஷினில் ஓடும் 96 பல் பிளேடு என்றால் நிச்சயம் கூர் போடத்தான் வேண்டும். தரமான பெரிய பிளேடின் கார்பைடு துண்டு தடிமனாக இருக்கும், பல முறை தீட்டலாம். மலிவுப் பிளேடில் துண்டு மெல்லியது, ஒன்றிரண்டு தீட்டலில் முடிந்துவிடும். வாங்கும்போதே பல்லின் தடிமனைப் பார்த்து வாங்குகிறவர் வருடக் கணக்கில் மிச்சம் பிடிப்பார்.

ஒரு துண்டு உடைந்து விழுந்தாலும் பிளேடு போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். புதுத் துண்டைப் பற்ற வைத்து மற்றவற்றின் உயரத்துக்குத் தீட்டித் தரும் இடங்கள் உண்டு. ஆனால் தகட்டிலேயே கீறல் விழுந்திருந்தால், குறிப்பாகப் பற்களுக்கு இடையிலான பள்ளத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தால், அன்றே அந்தப் பிளேடைச் சுத்தியலால் வளைத்து ஆக்கர் கடைக்குப் போட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் தகடு பறந்தால் தடுப்பதற்கு எதுவும் இல்லை.

எங்கே கொடுப்பது

இனி முக்கியக் கேள்வி. திருவண்ணாமலை தொழிற்சாலை நகரம் அல்ல. கோயிலையும் கிரிவலத்தையும் சந்தையையும் சுற்றி வளர்ந்த ஊர். ஆகவே ஊருக்குள் தேடும்போது பலகை மாட்டிய 'ரம்பம் கூர் போடும் நிலையம்' என்று தேடாதீர்கள். வேலை வேறு பெயர்களுக்குப் பின்னால் இருக்கும்.

முதலில் மரம் அறுக்கும் மில். அங்கே ஓடும் நீண்ட பட்டை ரம்பத்துக்கு அடிக்கடி கூர் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மில்லே நின்றுவிடும். அதனால் மில்களில் இதற்கென்றே ஒரு கைகாரர் இருப்பார், அல்லது முறை வைத்து வந்து போவார். அவர் எஃகுப் பல்லுக்கு உரியவர். கைரம்பம், கார்பைடு இல்லாத பழைய எஃகு வட்ட ரம்பம் ஆகியவற்றை அவரிடம் தாராளமாகக் கேட்கலாம். மில் வேலை ஓய்ந்த நேரத்தில், ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

டி.சி.டி. பிளேடுக்கு இரண்டு வழி. ஒன்று, அந்தப் பிளேடை விற்ற ஹார்டுவேர் கடைக்காரர். சேலத்துக்கோ சென்னைக்கோ சரக்கு எடுக்கப் போகும்போது வாடிக்கையாளர்களின் பிளேடுகளைச் சேர்த்துக் கொண்டுபோய்த் தீட்டி வாங்கி வரும் கடைக்காரர்கள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் புதியது விற்பதே வியாபாரம். இரண்டாவது வழி எனக்கு அதிக நம்பிக்கையானது. பேனல் மெஷின் வைத்து மாடுலர் கிச்சன் செய்யும் பெரிய பட்டறை எது என்று பார்த்து, அவர்கள் பிளேடை எங்கே அனுப்புகிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு பிளேடு ஓட, ஒன்று தீட்டப் போக என்று இரண்டு செட் வைத்துச் சுற்றவிடுவது அவர்கள் வழக்கம். மைக்கா ஓரம் பொரிந்தால் அவர்கள் பில் நிற்கும். எனவே மோசமான இடத்துக்கு அவர்கள் இரண்டாவது தடவை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

வெளியூர் என்றால், இரும்பு வெட்டும் தொழிற்சாலைகள் இருக்கும் இடத்தில்தான் வைரச் சக்கரமும் இருக்கும். அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் போன்ற ஊர்களின் தொழிற்பேட்டைகளில் டூல் கிரைண்டிங் என்ற பெயரில் இந்த வேலை நடக்கிறது. செங்கம், கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் நமக்கு எட்டாத தூரமல்ல. சென்னையில் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையின் பிளைவுட், ஹார்டுவேர் கடைகளிலும், பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளிலும் விசாரித்தால் தீட்டும் இடத்தைக் கைகாட்டுவார்கள். 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலையிலிருந்து வேலூர், காட்பாடி வழியாகச் சென்னை கடற்கரை நிலையத்துக்கு நேர் ரயில் ஓடுகிறது. விடியலுக்கு முன் ஏறினால் முற்பகலில் பாரிமுனைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம், மாலை அதே ரயிலில் திரும்பலாம். பஸ் கட்டணத்தோடு பார்த்தால் ரயில் கட்டணம் மிகக் குறைவு.

தீட்டுகிறவரிடம் என்ன கேட்பது? வைரச் சக்கரமா, முகமும் தலையும் இரண்டும் தீட்டுவீர்களா, தீட்டும்போது தண்ணீர் ஓடுமா, உடைந்த பல் போடுவீர்களா, தகடு நெளிந்திருந்தால் பார்த்துச் சொல்வீர்களா என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார். "அதெல்லாம் எதுக்கு பாய், குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்பவரிடம் முதலில் பழைய பிளேடு ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கூலி பெரும்பாலும் பல் கணக்கில்தான். 40 பல் பிளேடும் 96 பல் பிளேடும் ஒரே அளவாக இருந்தாலும் கூலி இரட்டிப்புக்கு மேல் போகும், அது ஏமாற்று அல்ல. கொடுக்கும் முன் பல்லை எண்ணி, உடைந்தவை எத்தனை என்று இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மனத்தாங்கல் வராது.

என்ன மரம் அறுக்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மைக்கா, எம்.டி.எஃப். அறுக்கும் பல்லின் தலை வேறு, வெறும் மரத்தை நீளவாக்கில் அறுக்கும் தட்டைத் தலை வேறு, குறுக்கே அறுக்கும் மாற்றுச் சாய்வுத் தலை வேறு. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தட்டையாகத் தீட்டித் தருவதுதான் நாம் அதிகம் பார்க்கும் குறை. திரும்ப வாங்கும்போது வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். தலை விளிம்பு ஒரே கோடாக மின்ன வேண்டும். எங்காவது வெள்ளையாகச் சிறு பொட்டு தெரிந்தால் அந்தப் பல் இன்னும் மழுங்கல்தான்.

விரல் விஷயம்

மழுங்கிய பிளேடு கூரான பிளேடைவிட ஆபத்தானது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் காரணம் தெளிவு. கூரான பிளேடு மரத்தைத் தானே இழுத்து வெட்டும். மழுங்கியதற்கு நாம் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். கட்டை சட்டென்று நழுவும்போது அந்தப் பலமெல்லாம் கையை பிளேடுக்குள் கொண்டுபோகும். இல்லையென்றால் பிளேடு மரத்தில் சிக்கி, கட்டையை அறுப்பவர் வயிற்றை நோக்கி எறியும். கையில் பிடிக்கும் மெஷின் என்றால் மெஷினே துள்ளி வரும். மேல் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும், கைலி நுனி தொங்கத் தொங்க நின்று அறுப்பதும் நம் பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டன. கல் அறுக்கும் கிரைண்டரில் மர பிளேடை மாட்டுவதோ தற்கொலைக்குச் சமம். அந்த மெஷின் சுற்றும் வேகம் பல மர பிளேடுகளில் அச்சிட்டிருக்கும் வேக வரம்பைத் தாண்டியது, பாதுகாப்பு மூடியும் மரம் அறுக்க ஏற்றதல்ல. உங்கள் மகனோ தம்பியோ அப்படி ஓட்டுவதைப் பார்த்தால், வீட்டுப் பெண்கள் உட்பட யாராயிருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்படியும் விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். துண்டு நேராக ஐஸைத் தொடக்கூடாது. காயத்தை உயர்த்திப் பிடித்து அழுத்திக் கட்டி, முதலில் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்டான்லி ஆகிய இரண்டு இடங்களிலும் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மணிக்கணக்குதான் முக்கியம்.

ஊரிலேயே ஒருவர் செய்தால் என்ன

ஒரு அன்சாரித் தோழர் உதவி கேட்டு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவர் வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் உணவும் ஒன்றில் கோடரியும் வாங்கச் செய்து, கோடரிக்குத் தம் கையாலேயே பிடி மாட்டிக் கொடுத்த செய்தியை (அபூதாவூத்) பயான்களில் கேட்டிருக்கிறோம். பதினைந்து நாளில் அவர் பத்து திர்ஹம் சம்பாதித்து வந்தார். நாம் கோடரி கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம். பிடி மாட்டுவது என்ற பகுதி விடுபட்டுப் போகிறது. ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் (முஸ்லிம்) படிக்கும் சமுதாயத்தில், தச்சனின் ரம்பத்தைக் கூர் போட ஒரு ஆள் இல்லை என்பது சரியாகப் படவில்லை.

திருவண்ணாமலை, செங்கம், போளூர், வேட்டவலம் பகுதிப் பட்டறைகளின் பிளேடுகள் வெளியூர் போய் வருவதுண்டு. வைரச் சக்கரம் பொருத்திய சிறிய மெஷின் ஒன்றை வைத்து நம் இளைஞர் ஒருவர் உட்கார்ந்தால் வேலைக்குப் பஞ்சமிருக்காது என்பது என் எண்ணம். ஆனால் மெஷின் வாங்கியதும் தொழில் வந்துவிடாது. மலிவான மேஜை மெஷினில் கோணத்தைக் கையால் வைப்பதுதான், அதில் ஒரு பாகை தவறினால் ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார். ஓசூரிலோ அம்பத்தூரிலோ ஒரு டூல் கிரைண்டிங் கடையில் ஆறு மாதமாவது கூலிக்கு நின்று பழகிவிட்டு வருகிறவருக்குத்தான் நான் சிபாரிசு செய்வேன். பெங்களூர் மல்லேஸ்வரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரவேலை மெஷின்களுக்கென்று பயிற்சி மையம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் அங்கே விசாரிக்கலாம்.

முதலுக்கு என்ன செய்வது? தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலையும் ஒரு தொழிலாகச் சேர்க்கப்பட்டுள்ளது. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையம்தான் விண்ணப்பிக்கும் இடம். சிறுபான்மையினருக்கான டாம்கோ கடனுக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தை அணுக வேண்டும். போகும் முன் அன்றைய விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் வட்டி உண்டு. அதைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் தங்கள் ஜமாஅத் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை: பத்துப் பேருக்குப் பத்து மெஷின் கொடுப்பதில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தைக் கூர் போடும் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தால் மற்ற ஒன்பது மெஷினும் ஓடும்.

அதுவரை, சேர்ந்து அனுப்புவதே வழி. ஒருவர் ஒரு பிளேடுக்காகச் சென்னை போனால் கட்டாது. பத்துப் பட்டறையின் முப்பது பிளேடு சேர்ந்தால் ஒருவர் போய் வரலாம், கூலியிலும் குறைத்துக் கேட்கலாம். பெருநாள் வேலைக்கு முன்னால் ஒரு முறை, கார்த்திகை தீபம் தொடங்கும் முன் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் நல்லது. தீபக் காலத்தில் போக்குவரத்து மாற்றிவிடப்படும், லாரி பார்சல் தாமதமாகும். பௌர்ணமி நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் பிளேடைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போகாதீர்கள், நிற்கக்கூட இடமிருக்காது.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். கார்பைடு கடினமானது, ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். ஒரு பிளேடு இன்னொன்றின் மேல் உரசினாலே பல் சிதறும். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துப் பல் விளிம்பைச் சுற்றி மாட்டுங்கள். ஒவ்வொரு பிளேடுக்கும் இடையில் அட்டை வைத்து, இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே அடுக்கி, நடுத் துளை வழியாக ஒரு போல்ட்டால் இறுக்குங்கள். சாக்கில் போட்டுக் கட்டி அனுப்பினால் தூக்குகிற கூலியாளின் தோளைக் கிழிக்கும். தகட்டின் நடுவில் உங்கள் பெயரையும் பல் எண்ணிக்கையையும் பெயிண்டால் எழுதுங்கள். மார்க்கரில் எழுதினால் தீட்டும் தண்ணீரில் அழிந்து, முப்பது பிளேடும் திரும்பி வந்ததும் யாருடையது எது என்று தெரியாமல் பள்ளிவாசல் திண்ணையில் பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.